தேஹ்ராவும் டேராவும்: நால்தேஹ்ரா கோல்ஃப் தளத்தின் பெயரும் வரலாறும்

சிம்லாவிலிருந்து மஷோப்ரா வழியாகத் தத்தாபானிக்கு இறங்கும் மலைச்சாலையில், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் நால்தேஹ்ரா இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். நாற்புறமும் தேவதாரு மரங்கள். அவற்றுக்கு நடுவே, மலைமுகட்டின் வளைவுகளை ஒட்டி ஏறியும் இறங்கியும் கிடக்கும் புல்வெளியில் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் தளம் ஒன்று உண்டு. அதன் மொத்தப் ‘பார்’ 68. அதாவது, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் தளம் முழுவதையும் ஆடி முடிக்க எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகள் 68 என்று வகுக்கப்பட்டுள்ளது. சமவெளித் தளங்கள் பலவற்றில் இந்த எண் 70 முதல் 72 வரை இருக்கும். அந்த வகையில் இது சிறிய தளம்தான். ஆயினும் சமதரை என்று சொல்லத்தக்க இடம் அங்கே அரிது. காலூன்றி நிற்கும் இடமும் பந்து கிடக்கும் இடமும் ஒரே மட்டத்தில் அமைவது அதனினும் அரிது. காற்றின் அடர்த்தி குறைந்த உயரமாதலால், அதே விசையில் அடித்த பந்து சமவெளியில் செல்வதைக் காட்டிலும் சில விழுக்காடு கூடுதல் தொலைவு செல்லும். ஆட்டக்காரர் தம் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தளத்தின் நடுவே ஒரு சிறு கோயிலும் இருக்கிறது. மாஹூநாக் என்னும் நாக தெய்வத்தின் கோயில் அது. சட்லெஜ் ஆற்றுக்கு அப்பால், மண்டி மாவட்டத்துக் கர்சோக் பகுதியில் இத்தெய்வத்தின் மூலக்கோயில் உள்ளது. மாஹூநாக் கர்ணனின் வடிவம் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. கர்ணனையும் நாகாத்திரத்தையும் சேர்த்தே அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பு விந்தையாகத் தோன்றாது. பந்தைத் தொடர்ந்து செல்லும் ஆட்டக்காரர் இக்கோயிலைக் கடந்தே தம் சுற்றை முடிக்கிறார். சுற்றுலா ஏடுகள் இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாக எழுதுவது வழக்கம்: ‘கோல்ஃப் தளத்துக்குள் ஒரு கோயில்’ என்று. உண்மை அதற்கு நேர்மாறானது. கோயிலின் நிலத்துக்குள்தான் கோல்ஃப் வந்து சேர்ந்தது. இடத்தின் பெயரே அதற்குச் சான்று.

‘நால்தேஹ்ரா’ என்னும் பெயரின் பிற்பகுதி ஐயத்துக்கு இடமற்றது. வடமொழியில் ‘தேவகிருஹம்’ என்றால் தெய்வத்தின் இல்லம். இடையிலிருந்த மெய்கள் நூற்றாண்டுகளின் போக்கில் தேய்ந்து, வட இந்திய மொழிகளில் அது ‘தேஹ்ரா’, ‘தேஹரா’ என்றெல்லாம் ஆயிற்று. கோயில் என்பதே பொருள். முற்பகுதியான ‘நால்’ என்பது ‘நாக்’ என்பதன் திரிபு என்று ஊரார் விளக்குகிறார்கள். ‘நாகத்தின் கோயில்’ என்பது அவர்கள் தரும் முழுப்பொருள். ககரம் லகரமாகத் திரிவதற்கு ஒழுங்கான ஒலிவிதி எதுவும் துணைவரவில்லை. ஆகவே மொழியியலார் இதனை மக்கள் வழங்கும் சொற்பிறப்பு என்ற அளவிலேயே ஏற்பர். ஆயினும் மக்கள் சொற்பிறப்பும் ஒருவகை ஆவணமே. நிலம் யாருடையது என்று அங்கு வாழ்ந்தவர்கள் கருதினார்கள் என்பதை அது பதிந்து வைத்திருக்கிறது.

ஆங்கிலேயர் இப்பெயரைத் தம் எழுத்தில் எழுதியபோது நடுவிலிருந்த ஹகரம் விழுந்துபோயிற்று. அவர்களது வரைபடங்களிலும் கடிதங்களிலும் அது ‘நால்டேரா’ ஆனது. உரோமன் எழுத்து தகரத்தையும் டகரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. விளைவாக, ‘தேஹ்ரா’வும் ‘டேரா’வும் ஒன்றாயின. ‘டேரா’ என்பது முற்றிலும் வேறு சொல்: கூடாரம், தங்குமிடம், முகாம் என்று பொருள்படுவது. ‘டேரா போட்டுவிட்டான்’ என்று தமிழிலும் நாள்தோறும் வழங்குகிறோமே, அதே சொல்தான். எவரும் திட்டமிட்டுச் செய்த மாற்றம் அன்று இது. இந்திய ஊர்ப்பெயர்கள் நூற்றுக்கணக்கானவை இவ்வாறே உருமாறின. ஆனால் இங்கு எழுத்தில் நிகழ்ந்த பிழையும் நிலத்தில் நிகழ்ந்த வரலாறும் விந்தையாக ஒத்துப்போயின. தெய்வத்தின் இல்லமாக இருந்த இடம் பேரரசின் முகாமாயிற்று.

அந்த முகாமை இட்டவர் கர்சன் பிரபு. 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். 1864 முதல் சிம்லா பேரரசின் கோடைத் தலைநகராக இருந்துவந்தது. 1888இல் கட்டி முடிக்கப்பட்ட வைசிராய் மாளிகை அங்கே இருந்தது. கர்சனுக்கோ சிம்லாவின் நெரிசலும் விருந்துகளும் வம்பளப்பும் பிடித்தமில்லை. இளமையில் முதுகெலும்பில் நேர்ந்த தீங்கு வாழ்நாள் முழுதும் அவரை வருத்தியது. உடலை நிமிர்த்திப் பிடிக்க உலோகக் கச்சையை அணிந்துகொண்டே பணியாற்றினார். நகரிலிருந்து விலகி நால்தேஹ்ராவின் தேவதாரு நிழலில் கூடாரமிட்டுத் தங்குவது அவருக்கு உகந்ததாக இருந்தது. கோப்புகள் அவரைத் தேடி அங்கே சென்றன. கோல்ஃப் தளத்தை வகுத்தவரும் அவரே என்பது வழிவழியாக வரும் கூற்று.

இந்தியாவின் மிகப் பழைய கோல்ஃப் தளம் இதுவே என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. 1829இலேயே கல்கத்தாவில் கோல்ஃப் கழகம் அமைந்துவிட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றியவற்றுள் அதுவே மூத்தது. 1842இல் பம்பாய் அதனைத் தொடர்ந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வணிகரும் படைவீரரும் தாம் சென்ற இடமெல்லாம் இந்த ஆட்டத்தைக் கொண்டு சென்றனர். நால்தேஹ்ராவின் சிறப்பு அதன் பழமையில் இல்லை. துறைமுக நகரங்களில் வேரூன்றிய ஓர் ஆட்டம், வண்டிச்சாலையும் அரிதாயிருந்த மலைமுகடு ஒன்றை வந்தடைந்தது என்பதில்தான் அது இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் கருவிகளே உலக வணிகத்தின் படம் ஒன்றைத் தருகின்றன. 1848ஆம் ஆண்டை ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த கோல்ஃப் பந்து ‘கட்டாபெர்ச்சா’ என்னும் மரப்பாலால் செய்யப்பட்டது. பொருளும் பெயரும் மலாய் நாட்டிலிருந்து வந்தவை. ‘கெத்தா’ என்றால் மலாய் மொழியில் மரப்பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இட்டதும் இதே மரப்பால்தான். வைசிராயின் ஆணைகளை இலண்டனுக்கும் இலண்டனின் ஆணைகளை வைசிராய்க்கும் கொண்டுசென்ற கம்பியும், அவர் ஓய்வில் அடித்த பந்தும் ஒரே காட்டிலிருந்து பிறந்தவை எனலாம். கர்சனின் ஆட்சிக் காலத்திலேயே, 1899இல், அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் இரப்பர் நூல் சுற்றிய புதுவகைப் பந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் பிரித்தானிய ஓப்பன் போட்டியைச் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தைக் கொண்டு வென்றதும் பழைய பந்தின் காலம் முடிவுக்கு வந்தது. மட்டையின் தண்டோ அமெரிக்காவின் ஹிக்கரி மரம். இமயத்தின் ஒரு மூலையில் ஒருவர் பந்தை ஒருமுறை அடிப்பதற்குப் பின்னால் மூன்று கண்டங்களின் காடுகள் இருந்தன.

நால்தேஹ்ராவின் சொந்தக் காடோ வேறொரு வரலாறு உடையது. ‘தேவதாரு’ என்பதற்கு ‘தெய்வத்தின் மரம்’ என்று பொருள். சிவன் இரவலர் கோலத்தில் சென்ற தாருகாவனத்தின் கதையைத் தமிழகக் கோயில் சிற்பங்களில் காண்பவர்கள், அந்த வனத்தின் பெயர் வடமொழி நூல்களில் ‘தேவதாருவனம்’ என்றும் வருவதை நினைவுகூரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெய்வத்தின் மரம் இரயில் பாதையின் மரமாயிற்று. எளிதில் உளுத்துப்போகாத அதன் கட்டைகள் தண்டவாளக் குறுக்குக்கட்டைகளுக்கு ஏற்றவை. சட்லெஜ் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த பஷஹர் நாட்டின் காடுகளை ஆங்கில அரசு 1864இல் குத்தகைக்கு எடுத்தது. வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதந்து சமவெளியை அடைந்தன. மலைக்காடுகள் கணக்குப் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், நால்தேஹ்ராவின் மரங்கள் காட்சிக்கு இனியவை என்று பாராட்டப்பட்டன.

1904 மார்ச் 20 அன்று கர்சனுக்கு மூன்றாவது மகள் பிறந்தாள். அன்றைய அரசியின் பெயராகிய அலெக்ஸாண்ட்ரா என்பதோடு, தாமும் மனைவி மேரியும் விரும்பிய அந்த முகாமின் பெயரையும் சேர்த்து ‘அலெக்ஸாண்ட்ரா நால்டேரா’ என்று பெயரிட்டார். ஓர் இந்தியச் சிற்றூரின் பெயர் ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தின் வழிமுறைப் பட்டியலில் இடம்பெற்றது. கோயிலைக் குறித்த சொல், கூடாரத்தைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்து, பின்னர்ப் பொருள் தேவைப்படாத வெறும் ஓசையாக ஒரு குழந்தையின் பெயரில் சென்று அமர்ந்தது. குழந்தை பிறந்த இரண்டு ஆண்டுகளில், 1906இல், மேரி கர்சன் காலமானார். அலெக்ஸாண்ட்ரா 1995 வரை வாழ்ந்தார். குழந்தைகள் நலப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தார்.

அதே 1904இல் கர்சன் வேறு இரண்டு காரியங்களையும் செய்தார். ஒன்று, பல்கலைக்கழகச் சட்டம். கற்றோரின் கடும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டது அது. மற்றொன்று, தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். இந்தியாவின் பழங்கோயில்களும் கல்லறைகளும் மாளிகைகளும் சிதையாமல் காக்கப்பட அச்சட்டம் வழிவகுத்தது என்பதை அவருடைய கடும் எதிரிகளும் மறுக்கவில்லை. தேசத்தின் பெருங்கோயில்களைக் காக்க முனைந்த ஆட்சியின் எழுத்தில், அதன் தலைவர் கூடாரமிட்ட இடத்துச் சிறுகோயிலின் பெயர் கூடாரமாகவே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் வங்கப் பிரிவினை அறிவிப்பு சிம்லாவிலிருந்து வெளிவந்தது. நிலத்தை மேலிருந்து நோக்கி வகுப்பது, பெயரிடுவது, கோடு கிழிப்பது ஆகியவற்றில் கர்சனுக்கு இருந்த ஈடுபாட்டை இவ்விரண்டு ஆண்டுகளின் செயல்கள் ஒருசேரக் காட்டுகின்றன.

முகாம் என்றால் சுமை. 1903 நவம்பரில் கால்காவிலிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டர் நீளமுள்ள மலை இரயில்பாதை திறக்கப்பட்டது. சிம்லாவுக்கு அப்பால் இரயில் இல்லை. அங்கிருந்து எதுவும் ஆள்முதுகிலோ கோவேறு கழுதையின் முதுகிலோதான் செல்ல வேண்டும். சிம்லா நகருக்குள் வைசிராய், படைத்தளபதி, பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் ஆகியோருக்கே குதிரை வண்டியில் செல்லும் உரிமை. பிற கனவான்களும் சீமாட்டிகளும் குதிரையில் ஏறினர், அல்லது ரிக்‌ஷாவில் அமர்ந்தனர். ரிக்‌ஷாவின் மூலமான ‘ஜின்ரிகிஷா’ என்னும் ஜப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள் ‘மனித ஆற்றல் வண்டி’. சிம்லாவின் ஏற்றங்களில் ஒரு வண்டிக்கு நால்வர் தேவைப்பட்டனர்.

மலைநாட்டில் இந்த மனித ஆற்றலைத் திரட்டிய ஏற்பாட்டுக்குப் ‘பேகார்’ என்று பெயர். பாரசீகத்தின் வழியாக வந்த சொல்; கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ கட்டாயமாக வாங்கப்படும் வேலை என்று பொருள். ஊர்க்குடும்பங்கள் முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும். அரசரின் வேலைக்கும் அதிகாரிகளின் பயணத்துக்கும் சுமைதூக்க வேண்டும். விதைப்போ அறுவடையோ, அழைப்பு வந்தால் வயலை விட்டுப் போகத்தான் வேண்டும். சிம்லாவைச் சூழ்ந்திருந்த சிறு மலைநாடுகளில் ஆட்சியாளரின் நடமாட்டம் இந்த ஏற்பாட்டைச் சார்ந்தே இருந்தது. தமிழில் இதற்கு நேர்ச்சொல் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் குடிகள் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்றாக ‘வெட்டி’ திரும்பத் திரும்ப வருகிறது. ஊதியமற்ற உழைப்பைக் குறித்த அச்சொல், இன்று பயனற்ற பேச்சையும் வேலையற்ற ஆளையும் குறிக்கிறது. உழைத்தவனுக்குப் பயனில்லை என்ற நிலை மாறி, உழைப்பே இல்லை என்ற பொருளாகத் திரிந்த சொல் அது.

கோல்ஃப் ஆட்டத்தின் அகராதியிலும் சுமைதூக்குவோருக்கு ஒரு சொல் உண்டு: ‘கேடி’. பிரெஞ்சு மொழியில் ‘கடே’ என்றால் இளைய மகன். குடும்பச் சொத்து மூத்தவனுக்குப் போய்விட, பிரபுக் குடும்பங்களின் இளைய மகன்கள் படைப்பயிற்சிக்குச் சென்றனர். ‘கேடட்’ என்னும் இன்றைய சொல் அங்கிருந்து வந்தது. ஸ்காட்லாந்தை அடைந்தபோது அது ஏவல் செய்யும் இளைஞனைக் குறிக்கத் தலைப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு எடின்பரோவில் கடிதமும் சுமையும் கொண்டுசெல்லும் தெருப்பணியாளர்கள் ‘கேடி’கள் எனப்பட்டனர். முடிவில் அது கோல்ஃப் மட்டைகளைச் சுமப்பவரின் பெயராயிற்று. பிரபுவின் மகனிடம் தொடங்கிய சொல் சுமையாளிடம் வந்து சேர்ந்தது. இந்தியத் தளங்களில் இதனோடு இன்னொரு சொல்லும் சேர்ந்தது: ‘ஆகேவாலா’, முன்னே நிற்பவர். பந்து விழும் இடத்துக்கு முன்கூட்டியே சென்று நின்று, அது எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்பவர் அவர். நால்தேஹ்ரா போன்ற மலைத்தளத்தில் சரிவும் மரங்களும் பார்வையை மறைக்கும். இறங்குமுகமான புல்லில் உருளும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பலநாள் நடந்த கால்களே அறியும். ஆட்டக்காரர் மட்டையைத்தான் பிடிக்கிறார். தளத்தை அறிந்தவர் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

பேகார் ஏற்பாடு தானாக மறையவில்லை. அலெக்ஸாண்ட்ரா பிறந்த அதே 1904இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் என்ற இளைஞர் இந்தியா வந்தார். தொழுநோயாளர்களுக்குத் தொண்டாற்ற வந்தவர், சிம்லா மலைகளின் கோட்கட் பகுதியில் நிலைகொண்டு, உள்ளூர்ப் பெண்ணை மணந்து அங்கேயே குடியானவராக வாழ்ந்தார். இமாசலத்தின் ஆப்பிள் சாகுபடியோடு அவர் பெயர் இன்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1920, 1921 ஆண்டுகளில் பேகாருக்கு எதிராக மலைமக்களைத் திரட்டிப் போராடினார். கட்டாய வேலைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1921 இறுதியில் அரசு அவரைச் சிறையிட்டது. பின்னாளில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். கர்சன் குடும்பம் மலையின் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றது. ஸ்டோக்ஸ் தம் பெயரை மலையில் விட்டு வேறு பெயர் பெற்றார். இருவகை உறவுகளும் ஒரே ஆண்டில், ஒரே மலைத்தொடரில் தொடங்கின.

மன்னராட்சிப் பகுதிகளில் பேகார் அதன்பின்னரும் தொடர்ந்தது. 1939 ஜூலை 16 அன்று, சிம்லாவுக்கு அருகிலுள்ள தாமி என்னும் சிறுநாட்டில், பேகாரை ஒழிக்கவும் குடியுரிமைகளை வழங்கவும் கோரித் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் உயிரிழந்தனர். 1948 ஏப்ரல் 15 அன்று முப்பது மலைநாடுகள் அளவில் ஒன்றிணைந்து இமாசலப் பிரதேசம் உருவானபோதுதான் அந்த அதிகார அமைப்பு முடிவுக்கு வந்தது.

இன்று நால்தேஹ்ராவில் மாநிலச் சுற்றுலாத் துறையின் விடுதி இருக்கிறது. கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம். பேகார் இல்லை, மட்டைப் பையைச் சுமப்பவர் கூலிக்குச் சுமக்கிறார். இந்த வேறுபாடு சிறிதன்று. மனிதர்கள் சிறை சென்றும் உயிர் தந்தும் பெற்றது. ஆயினும் முழுமையானதும் அன்று. நாட்டின் பல தளங்களில் கேடிகளின் வருமானம் பருவத்தையும் வருகையாளரின் மனத்தையும் சார்ந்தே நிற்கிறது. 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், கேடிகளின் வரிசையிலிருந்து எழுந்தவர். இந்த ஆட்டம் இந்தியாவுக்கு வந்து 162 ஆண்டுகள் கழிந்த பின் அந்த வெற்றி வந்தது. பையைச் சுமந்தவர்களிடம் எவ்வளவு அறிவு காத்துக்கிடந்தது என்பதை அந்த ஒரு பெயரே உணர்த்தும்.

நால்தேஹ்ராவில் ஒரு சுற்று ஆடி முடிக்கும் ஒருவர் இவை அனைத்தையும் கடந்தே நடக்கிறார்: தெய்வத்தின் மரம், தெய்வத்தின் இல்லம், வைசிராயின் முகாம், சுமந்தவர்களின் பாதை. வழிகாட்டிப் பலகைகளில் முதலில் வருவது வைசிராயின் பெயர். கூடாரங்களோ என்றோ பிரிக்கப்பட்டுவிட்டன. கோயிலில் வழிபாடு நடந்துகொண்டிருக்கிறது. தமிழில் இவ்வூரின் பெயரை எழுதுவோர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆங்கில எழுத்து தவறவிட்ட வேறுபாட்டைத் தகரமும் டகரமும் தனித்தனியே காத்து நிற்கும் எழுத்து நம்முடையது. ‘நால்டேரா’ என்று எழுதினால் கூடாரம் நிற்கும். ‘நால்தேஹ்ரா’ என்று எழுதினால் கோயில் நிற்கும்.